உள்ளே போன மூன்று மூச்சு

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்களிடம் "மனசோட ஆழத்துலேருந்து" என்பேன். பொய். பாதி, பக்கத்து வீட்டுச் சண்டையிலிருந்து வரும். மீதி, பத்திரிகை ஆசிரியர் போன் செய்து "நாளைக்குள்ள வேணும் சார்" என்று சொல்லும்போது வரும் பயத்திலிருந்து. இது மட்டும் கடிதத்திலிருந்து.

கோடு போட்ட தாள், நீல மை, ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"ஐயா, உங்கள் தொடரின் பதினான்காம் வாரத்தில் கதாநாயகியின் அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். வாய்வழியாகக் குழாய் போயிருக்கிறது. அதோடு மகளிடம் ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். மன்னிப்பு கேட்கிறார், ரகசியம் சொல்கிறார், நடுவில் ஒரு பழமொழி வேறு. ஐயா, அந்தக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவில் போகிறது. அது உள்ளே இருக்கும்வரை ஒரு 'ம்' கூட வராது. நான் பதினாறு வருடமாக மூச்சு சிகிச்சை வேலையில் இருக்கிறேன். உங்கள் தவறால் ஒரு வீட்டில் ஒருவருக்குத் தினமும் திட்டு விழுகிறது. நேரில் வந்தால் சொல்கிறேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். கடைசி வரியில் கொக்கி போடுவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் என்னையே ஒருவர் கொக்கியில் மாட்டித் தூக்கியது அதுதான் முதல்முறை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன். அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன். வாசகர்களுக்கும் என் குப்பைத் தொட்டியைப் பார்க்கும் ஆசை இருக்கும்.

"பீப்... பீப்... பீப்... தீவிர சிகிச்சைப் பிரிவின் அமைதியைக் கிழித்துக்கொண்டு அந்தச் சத்தம்—"

(அங்கே கிழிப்பதற்கு அமைதியே கிடையாதாம். பிறகு தெரிந்தது.)

"மூச்சு என்பது என்ன? வாழ்க்கையின் முதல் வரவு, கடைசிச் செலவு—"

(தேதி கிழிக்கும் காலண்டரின் பின்பக்கம்.)

"அவள் கண்களில் சொல்ல முடியாத ஒரு சோகம்—"

(ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சோகத்தை வைத்துவிட்டேன். தொழில் புத்தி. நேரில் பார்த்தபோது, கடிதம் எழுதியவர் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்களில் சொல்ல முடியாத பசிதான் இருந்தது.)

3

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், நீளமான தாழ்வாரத்தின் கடைசியில், நுரையீரல் பரிசோதனை அறை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறேழு பேர். எல்லாரும் தங்கள் மடியைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தாத இடம். கண்ணாடி வழியாக வந்த காலை வெயில் தரையில் ஒரு கட்டம் போட்டிருந்தது. அதில் தூசி மிதந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும்.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்:

"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! இன்னும் இருக்கு! விடாதீங்க! இன்னும் இன்னும் இன்னும்... அவ்வளவுதான், சூப்பர்!"

உள்ளே பிரசவம் நடக்கிறதோ என்று பயந்துபோனேன். கதவு திறந்தது. ஒரு பெரியவர் வியர்வையைத் துடைத்தபடி, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி வெளியே வந்தார்.

"அடுத்தது யாரு? ஓ, ரைட்டர் சாரா? வாங்க வாங்க. உக்காருங்க. மூக்குல கிளிப்பு போடட்டுமா?"

அவரை அங்கே எல்லாரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நாற்பது வயதிருக்கும். கையில் பாதி ஆப்பிள். வாரத்தில் மூன்று காலை இந்த அறையில் வேலை, மற்ற நேரம் வீடு வீடாகப் போய் ஆக்சிஜன் மெஷினையும் வென்டிலேட்டரையும் பார்ப்பது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் பேசத்தான் வந்தேன்."

"பேசறதுக்கும் மூச்சு வேணும்ல? ஊதுங்க."

ஊதினேன். திரையில் ஒரு கோடு மலைபோல ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் சட்டென்று நின்றது. இன்னொரு முறை. மறுபடியும் அதே இடம்.

"இழுக்கறது நல்லா இழுக்கறீங்க சார். விடறதுதான் பாதியில நின்னுடுது."

"நான் தொடர்கதை எழுதறவன்மா."

"அதான் தெரியுதே. வாரா வாரம் எங்களையும் அப்படித்தானே நிறுத்தி வெக்கறீங்க." கிளிப்பைக் கழற்றினார். "எல்லாரும் மூச்சை இழுக்கறதுதான் கஷ்டம்னு நினைக்கறாங்க. விடறதுலதான் வித்தையே இருக்கு. உள்ள போனது வெளிய வந்தாத்தான் அடுத்ததுக்கு இடம்."

(இதை உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன். "கதையில போடாதீங்க, பெரிய தத்துவம் மாதிரி ஆயிடும்" என்றார். போட்டுவிட்டேன்.)

4

இங்கே கதை கொஞ்சம் நிற்கட்டும். அவர் செய்யும் வேலையைச் சொல்லியாக வேண்டும். நானே இத்தனை நாள் அந்த வேலை ஒன்று இருப்பது தெரியாமல், என் கதைகளில் பதினொரு பேரை வென்டிலேட்டரில் போட்டுச் சாகடித்திருக்கிறேன்.

டாக்டர் வருவார், போவார். நர்ஸுக்கு நூறு வேலை. மூச்சுக்கென்று ஒரு ஆள் தனியாக இருக்கிறார். மெஷின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை ஊத வேண்டும், எவ்வளவு ஊத வேண்டும், எப்போது விலகி நின்று நோயாளியையே இழுக்கவிட வேண்டும் என்று பார்ப்பவர். சளியை உறிஞ்சி எடுப்பவர்.

முதல் ஆறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. "அங்க மெஷின் மூச்சு விடும், நாம அது பின்னாடியே ஓடணும்." பிறகு பிறந்த குழந்தைகள் பிரிவு. அங்கே நெஞ்சு ஒரு தீப்பெட்டி அகலம். விரல் நுனியால் வேலை. "அங்கதான் சார் நான் சத்தமில்லாம நடக்கக் கத்துக்கிட்டேன். வீட்டுலயும் அப்படியே நடந்து, எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை பயந்து கத்திட்டார்." அப்புறம் பொது வார்டு. இப்போது வீடுகள். வீடுகளில் மெஷின்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளை ஆக்சிஜன் குழாயைத் தாண்டிக் குதித்து விளையாடும். ஈரப்பதத்துக்காக வைத்திருக்கும் பாட்டிலில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டே இருக்கும். மீன் இல்லாத மீன்தொட்டி மாதிரி.

இத்தனை இடத்திலும் ஒரு பழக்கம் அவரை விடவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சும் அவர்கள் மூச்சும் ஒன்றாகிவிடும். தெரியாமலே. பஸ்ஸில் தூங்குகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாராம்.

5

சரி, அந்த வீடு. தினமும் திட்டு விழுகிற வீடு.

அங்கே இருப்பவர் ஒரு ஏலக்காரர். காய்கறி மொத்தச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் விட்டவர். ஒரே மூச்சில் ஒரு வண்டித் தக்காளியை விற்றுவிடுவார் என்று பெயர். நிமோனியா வந்து, ஐந்து வாரம் வென்டிலேட்டரில் கிடந்து, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, பிழைத்தார். இப்போது பகலெல்லாம் தானாகவே மூச்சு. தூங்கும்போது மட்டும் மெஷின். ஆனால் பேச்சு இல்லை. கழுத்துக் குழாய் வழியாகவே காற்று வந்து போய்விடுவதால் அது குரல்நாண் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. குழாயின் வாயில் சோடா பாட்டில் மூடி அளவுக்கு ஒரு மூடி. உள்ளே இழுத்தால் திறக்கும், வெளியே விட்டால் அடைத்துக்கொள்ளும். காற்று வேறு வழியில்லாமல் குழாயைச் சுற்றி மேலே ஏறி, குரலைத் தொட்டுக்கொண்டு வாய்வழியாக வரும். மனிதர் பேசிவிடுவார்.

ஒரே ஒரு நிபந்தனை. குழாயைச் சுற்றி, மூச்சுக்குழலுக்குள், ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அதன் காற்றை முதலில் இறக்கிவிட வேண்டும். இறக்காமல் மூடியைப் போட்டால் காற்று மேலே ஏற வழியே இருக்காது. இழுக்கலாம், விட முடியாது.

உள்ளே இருக்கும் பலூன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு தங்கச்சி உண்டு. மெல்லிய குழாயில் கழுத்துக்கு வெளியே தொங்கும் குட்டி பலூன், அவரை விதை அளவு. அதை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் உள்ளே இறங்கியிருக்கிறது. விண்ணென்றிருந்தால் உள்ளே உப்பியிருக்கிறது. "எங்க வேலையில புதுசா வர்றவங்களுக்கு முதல் பாடமே இதான் சார். தாளை நம்பாதே, தங்கச்சியை நம்பு."

"நல்லா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கு." ஆப்பிள் தீர்ந்துவிட்டது. காம்பை உருட்டிக்கொண்டே சொன்னார்: "என்கூட வேலை பாத்த தோழி ஒருத்தி. பொது வார்டுல. இந்த ஏலக்காரர் ஐயாவுக்கு முதல் தடவை மூடி போட்டது அவதான். பலூன் இறக்கியாச்சுன்னு காலையில இருந்த ஆள் குறிப்புத் தாள்ல எழுதியிருந்தாங்க. மத்தியானம் வயித்துக் குழாயில சாப்பாடு குடுக்கறதுக்கு முன்னாடி நர்ஸ் திரும்ப ஏத்திட்டாங்க. எழுத நேரம் கிடைக்கல. என் தோழி வந்தா, தாளைப் பாத்தா, மூடியைப் போட்டா. தங்கச்சியைத் தொடல."

தாழ்வாரத்தில் யாரோ இருமினார்கள்.

"ஒரு மூச்சு இழுத்தார். போச்சு. வரல. இன்னொண்ணு. போச்சு. வரல. மூணாவது பாதிதான் போச்சு. அதுக்கு மேல இடமில்ல. கட்டில் கம்பியை மோதிரத்தால தட்டினார், டக் டக் டக்னு. மூடியைப் பிடுங்கிட்டா. எல்லாம் புஸ்ஸுன்னு வெளிய வந்துடுச்சு. மொத்தமே பத்து செகண்டு சார்."

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. ஆனா அவ பயத்துல, 'உங்க நுரையீரல் இன்னும் தயாராகல ஐயா'ன்னு சொல்லிட்டா. தாள்ல வழக்கமா எழுதற மாதிரி எழுதிட்டா: 'பேச்சு மூடி: நோயாளி தாங்கவில்லை.'"

அந்த இரண்டு வார்த்தை நடக்க ஆரம்பித்தது. வார்டிலிருந்து, நோயாளி தேறப் பயிற்சி தரும் மருத்துவமனைக்குப் போனது. அங்கே தாளைப் படித்தவர்கள் மூடியை எடுக்கவே இல்லை. அங்கிருந்து வீட்டுச் சிகிச்சை அலுவலகத்துக்குப் போனது. மூன்று மாதம். மூன்று இடம். எல்லாரும் தாளை நம்பினார்கள். ஏலக்காரரோ, தன் குரல் திரும்பி வந்தால் தன்னைக் கொன்றுவிடும் என்று நம்பினார். யாராவது மூடியைக் கையில் எடுத்தாலே கழுத்தைப் பொத்திக்கொள்கிறார்.

"இதுல என் தப்பு என்னம்மா?"

"அந்தம்மா, அவர் சம்சாரம், உங்க தொடரை அவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவாங்க. பதினாலாவது வாரம் வாசிச்சதுலேருந்து ஒரே பாட்டு. 'வாய்க்குள்ள குழாயோட அந்த மனுஷன் மகளுக்காக எவ்வளவு பேசறாரு. உங்களுக்குக் கழுத்துலதானே இருக்கு, என்கூடப் பேசணும்னு மனசு இருந்தாத்தானே!'"

6

ஆசிரியரிடம் போனில் சொன்னேன்.

"சார், குழாய், சளி, பலூன்னு போறீங்களே. காலையில காப்பியோட படிக்கறவங்க இருக்காங்க. லவ் ஏதாவது?"

"புருஷன் பொண்டாட்டி இருக்காங்க."

"அது லவ்வா சார்?"

அன்று மதியம் எழுத உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனேன். கனவு வந்தது. (கதையில் கனவு வைப்பது சோம்பேறியின் வேலை என்று எனக்கும் தெரியும். ஆனால் வந்தது.) அதே தாழ்வாரம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான் சாகடித்த பதினொரு பேரும் வரிசையாக. விரலில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி அந்த ஆக்சிஜன் பார்க்கும் கருவி. சிவப்பு வெளிச்சம் ஒவ்வொரு விரலிலும். யாரும் கோபமாக இல்லை. ஜன்னல் திரை உள்ளே வந்தது, வெளியே போனது. அதோடு சேர்ந்து அவர்கள் நெஞ்சும். ஏழாவது நாற்காலியிலிருந்த மில் முதலாளி என்னைப் பார்த்துக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு நான் கொடுத்த கடைசி வசனம் நினைவிருந்தது: "என் சொத்தெல்லாம்—" அதோடு நிறுத்தி, அடுத்த வாரம் அவரைச் சாகடித்துவிட்டேன். பாவம், அந்த வாக்கியத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

விழித்தபோது கன்னத்தில் பேனாவின் தடம்.

7

முடிவுகள். இரண்டு எழுதிக்கொண்டு மூச்சக்காவைப் பார்க்கப் போனேன்.

முதல் முடிவு: தோழி ஒன்றும் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போகிறாள். இனிமையாகப் பேசி, பலூனை இறக்கி, மூடியைப் போடுகிறாள். அவர் பேசுகிறார். எல்லாரும் அழுகிறார்கள். சுபம்.

இரண்டாம் முடிவு: தோழி ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்கிறாள். வேலை போகிறது. மழை பெய்கிறது.

மூச்சக்கா நின்றுகொண்டே படித்தார். "முதல் முடிவு நடக்காது. நாலு தடவை முயற்சி பண்ணியாச்சு. டாக்டர்கிட்ட 'திரும்பப் பாக்கலாமா'ன்னு கேட்டு அனுமதியும் வாங்கியாச்சு. ஐயா கழுத்துலேருந்து கையை எடுக்க மாட்டேங்கறார். ரெண்டாவதுல எதுக்கு மழை?"

"அது ஒரு இதுக்காக."

தாளை மடித்தார். விரித்தார். "தோழின்னு போடாதீங்க சார். நான்தான்."

(தெரியும் என்று இங்கே நான் எழுதலாம். நீங்களும் தெரியும் என்பீர்கள். ஆனால் கேட்கும்வரை எனக்கு உண்மையிலேயே தெரியாது. பாத்திரம் என்று நினைத்த ஆள் எதிரில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார்.)

"வீட்டுச் சிகிச்சைல சேந்ததும் எனக்கு வந்த முதல் ஃபைலே அவரோடது. திறந்தா என் எழுத்து. 'தாங்கவில்லை.' அந்த வீட்டுல என்னை அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் சார். அந்தம்மா எனக்கு மோர் கலந்து வெச்சிருப்பாங்க." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "ஒரு யோசனை. நீங்க இந்தக் கதையை எழுதிடுங்க. அந்தம்மா சத்தமா வாசிப்பாங்க. அவர் காதுல விழுந்துடும். அவருக்குப் புரிஞ்சிடும். நான் போய் நிக்க வேண்டியதில்ல."

ஆசைதான். ஒரு கதை அச்சேறி, ஒரு வீட்டுக்குள் போய், ஒரு மனிதரைப் பேசவைக்கிறது என்றால் எந்த எழுத்தாளனுக்குக் கசக்கும்? பேனாவைத் திறந்தேகூட விட்டேன்.

"தாள்ல எழுதின பொய்யை இன்னொரு தாளை விட்டு அழிக்கப் பாக்கறீங்க," என்றேன். "தாளை நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் அடுத்த நோயாளிக்குப் புதிய ஊதுகுழலைப் பிரித்து மாட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஃப்ரீயா?"

8

கட்டில் ஜன்னலோரம். வெள்ளைத் திரை மெதுவாக உள்ளே வந்து, மெதுவாக வெளியே போனது. கனவில் பார்த்த அதே திரை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், எழுதவில்லை. பாட்டிலில் குமிழிகள். மேஜையில் என் பத்திரிகை, இருபது வாரம், தேதிவாரியாக.

ஏலக்காரர் பெரிய ஆள், இப்போது பெரிய எலும்புக்கூட்டின்மேல் தளர்ந்த சட்டை. என்னைப் பார்த்து இரண்டு விரலை மடக்கி, கட்டை விரலை உள்ளங்கையில் தேய்த்தார்.

"'என்ன சரக்கு'ன்னு கேக்கறார்," என்றார் அவர் மனைவி. "சந்தை பாஷை. இப்போ வீட்டுலயும் அதான். நீங்க யாரு?"

மூச்சக்கா சொன்னார்.

"நீங்கதானா அது! உங்க கதைல வர்ற அந்த வயலின்காரிக்குக் கல்யாணம் ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்மா."

"எப்போ?"

"முப்பதாவது வாரம்."

"அதுக்குள்ள இவரு வாயைத் திறக்கறாரா பாப்போம். நீங்க எழுதினதை நாலு தடவை வாசிச்சுக் காட்டிட்டேன்."

"அம்மா, அது தப்பு. தெரியாம எழுதிட்டேன். குழாய் உள்ள இருந்தா யாராலயும் அப்படிப் பேச முடியாது."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நான் அழுதேனே?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மூச்சக்கா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையைத் திறக்கவில்லை. இருந்தும் ஏலக்காரரின் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது.

"ஐயா, அன்னிக்கு வார்டுல நடந்தது. உங்க நுரையீரல் தோக்கல. பலூன் ஏறியிருந்துச்சு. நான் தொட்டுப் பாக்காம மூடியைப் போட்டுட்டேன். உங்களால மூச்சு விட முடியாமப் போனது என்னால. பயந்துபோய் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். தாள்லயும் மாத்தி எழுதினேன். மூணு மாசமா எல்லாரும் அதைத்தான் படிக்கறாங்க."

குமிழிகளின் சத்தம். திரை உள்ளே வந்தது.

அவர் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, எறிந்ததா என்று கேட்கிற தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. திரும்பி வந்து வாசற்படியில் நின்றார். "மூணு மாசம். இவரை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா உனக்கு? கல்லுன்னேன். கட்டைன்னேன். சொல்ல வேண்டிய இடத்துல சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்கம்மா. நானும் எழுதிக் குடுக்கத்தான் போறேன்."

ஏலக்காரர் எழுதும் பலகையை எடுத்தார். எழுதித் திருப்பிக் காட்டினார்: *செத்துட்டேன்னு நினைச்சேன்.*

மூச்சக்காவின் தலை குனிந்தது. ஏலக்காரர் அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார்: *இப்போ யார் தொட்டுப் பாக்கறது?*

மூச்சக்கா நிமிர்ந்தார். ஏலக்காரரின் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் பிடித்து, கழுத்தோரம் தொங்கிய குட்டி பலூன்மேல் வைத்தார். "நீங்களே ஐயா. விண்ணுன்னு இருக்கா? இதான் அன்னிக்கு நான் பாக்காதது."

சளியை உறிஞ்சி எடுத்தார். சிரிஞ்சைப் பொருத்தி அதை ஏலக்காரர் கையிலேயே கொடுத்தார். அவர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இருமினார். இழுத்தார். பலூன் வாடியது. தக்காளி பார்க்கிற மாதிரி அதை அமுக்கிப் பார்த்தார். ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை. பிறகு கழுத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூடி.

ஒரு மூச்சு உள்ளே போனது. (நான் என் மூச்சை நிறுத்தியிருந்தேன். மூச்சக்கா நிறுத்தவில்லை, அவர் அந்த மனிதரோடு சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட்டார்.) வெளியே வந்தது. வெளியே வந்ததோடு ஒரு சத்தமும் வந்தது. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த கதவு தன் கீலை ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி.

"ஏலம்," என்றார் ஏலக்காரர்.

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு தப்பு." மூச்சு. "ஜோடி. பிரிச்சு... விக்க மாட்டேன்." மூச்சு. மூச்சக்காவைக் காட்டினார். "ஒண்ணு ஆஸ்பத்திரிச் சரக்கு." என்னைக் காட்டினார். "ஒண்ணு... பத்திரிகைச் சரக்கு." மூச்சு. "ரெண்டும் சொத்தை. யாரு கேக்கறது?"

யாரும் கேட்கவில்லை. வாங்குபவர் வராத சந்தையில் நிற்கிற சரக்கின் அவமானம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் கேக்கறேன்," என்றார் அவர் மனைவி. குரல் கோபமா அழுகையா தெரியவில்லை.

"என்ன... குடுப்பே?"

"மூணு மாசம் நான் ஒருத்தியே பேசியிருக்கேனே, அத்தனை பேச்சையும் தரேன். திட்டினதும் அதுல சேத்தி. எடுத்துக்கோங்க."

ஏலக்காரர் நேராக உட்கார்ந்தார். கை உயர்ந்தது. ஒரு விரல்.

"ஒரு தரம்."

மூச்சு. திரை வெளியே போனது. இரண்டாவது விரல்.

"ரெண்டு தரம்."

இருமல் வந்துவிட்டது. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் எண் கொஞ்சம் இறங்கியது. "போதும் ஐயா, முதல் நாளைக்கு நாலு நிமிஷம் போதும்," என்று மூச்சக்கா மூடியைக் கழற்றினார். அவர் தலையாட்டினார். கை மட்டும் இறங்கவில்லை. மூன்றாவது விரல் பாதி எழுந்து அப்படியே நின்றது.

புறப்படும்போது மூச்சக்கா வருகைத்தாளில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "முந்தைய குறிப்பு தவறு. பலூன் இறக்கப்படவில்லை. பிழை என்னுடையது. இன்று நான்கு நிமிடம். தொட்டுப் பார்த்தவர்: நோயாளி." கீழே கையெழுத்து. அந்தத் தாள் இப்போது வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சி மருத்துவமனைக்கு, அங்கிருந்து அந்த வார்டுக்கு. அங்கே என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாசலில் மோர் இருந்தது. டம்ளர் ஒன்றுதான். யாருக்கென்று அந்த அம்மா சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டினோம்.

9

இந்த இடத்தில் வழக்கமாக நான் ஒரு வார்த்தை போடுவேன். என்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக வாரா வாரம் உங்களை மூச்சை உள்ளே இழுக்க வைத்து, விடுகிற நேரம் பார்த்து மூடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். தங்கச்சியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

ஆகவே இந்த முறை எதையும் ஒளித்துவைக்கவில்லை. அன்று அவர் மூன்றாவது தரம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

இந்த இதழ் வருகிற அன்று அந்த அம்மா இதைச் சத்தமாக வாசிப்பார். (அம்மா, பாத்திரத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னிக்கவும்.) "ரெண்டு தரம்" வந்ததும் நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார்ப்பார். அங்கே சொல்ல ஆள் இருக்கிறார். சொல்லி, அந்த இரண்டு தப்பையும் தீர்த்துவிடலாம். சொல்லாமல் ஏலத்தைக் கலைத்தும் விடலாம். சொத்தைச் சரக்கைத் திருப்பி அனுப்புகிற உரிமை எந்தச் சந்தையிலும் ஏலக்காரருக்கு உண்டு.

உங்கள் வீட்டில் நீங்கள்தான் ஏலக்காரர். சரக்கைப் பார்த்துவிட்டீர்கள். இரண்டு தப்பு, ஜோடி. கேட்பும் வந்தாயிற்று. ஒரு தரம். ரெண்டு தரம்.

மூன்றாவதைச் சொல்வதானால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லையென்றாலும் சரிதான். இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்கிறீர்களே, அந்த மூச்சை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.